மீன்தொட்டிக் கிட்டும் போர் தண்ணீரும்

கேள்வி: ஐயா, வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. இரண்டரை ஏக்கர் தென்னை, மீதி முருங்கை. எல்லாமே சொட்டுநீர். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்தால் வந்தது, வராவிட்டால் 850 அடி போர்தான் கதி. டிரிப்பர் எல்லாம் வெள்ளை பூத்து அடைக்கிறது. வீட்டில் கெட்டிலுக்குள் முட்டை ஓடு மாதிரி பிடிக்கிறது. தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்த்தேன். மொத்தக் கடினத்தன்மை 280, கால்சியம் 48, மக்னீசியம் 39, காரத்தன்மை 396, பி.எச் 7.9, டி.டி.எஸ் (கரைந்திருக்கிற உப்புகளின் மொத்தம்) 870 என்று வந்தது. கார்பனேட் கடினத்தன்மை என்று தனியாக எதுவும் போடவில்லை. என் மகன் மீன்தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த ‘கே.எச்’ சொட்டு கிட்டில் நானே சோதித்தேன். 22 சொட்டு பிடித்தது. அதில் எழுதியிருந்தபடி 17.8 ஆல் பெருக்கினால் 392 வருகிறது. மொத்தமே 280 என்கிறபோது அதில் ஒரு பாகம் எப்படி 392 ஆகும்? கிட் தப்பா, லேப் தப்பா? சாஃப்ட்னர் மெஷின் போட்டால் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போடலாமா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். கிட்டும் சரி, லேபும் சரி. கிட்டின் மேல் ஒட்டியிருக்கிற பெயர்தான் தப்பு. 392-க்கும் 396-க்கும் உள்ள வித்தியாசம் கால் சொட்டுதான். மீன்தொட்டிக் கிட்டில் இவ்வளவு நெருக்கமாக வந்தது பாதி உங்கள் கைப்பக்குவம், பாதி அதிர்ஷ்டம். ‘ஒரு பாகம் முழுசைவிடப் பெரிதாக இருக்க முடியாதே’ என்று நின்று யோசித்தீர்களே, அதற்கே உங்களுக்கு நீளமாகப் பதில் எழுதலாம் என்று தோன்றியது. என்னிடம் ரிப்போர்ட் வாங்கிப் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் டி.டி.எஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கிட் கடினத்தன்மையை அளக்கவே இல்லை. அது அளப்பது காரத்தன்மையை. தண்ணீர் எவ்வளவு அமிலத்தை விழுங்கித் தாங்குகிறது என்கிற கணக்கு அது. நீங்கள் விட்ட ஒவ்வொரு சொட்டும் அளவு தெரிந்த அமிலம். நீலமாக இருந்த தண்ணீர் மஞ்சளாக மாறிய இடத்தில் அதிலிருந்த பைகார்பனேட் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சோதனைக் குழாய்க்குள் கால்சியமும் மக்னீசியமும் இருந்ததா இல்லையா என்று கிட்டுக்குத் தெரியவே தெரியாது. வேண்டுமானால் ஒரு டம்ளர் பேட்டரி தண்ணீரில் (பேட்டரிக்கு ஊற்ற விற்கிற, உப்பில்லாத வடிநீர்) ஒரு சிட்டிகை ஆப்பச்சோடாவைக் கரைத்து அதே கிட்டில் போட்டுப் பாருங்கள். சொட்டு விட்டு விட்டுக் கையே வலித்துவிடும். ஆனால் அந்தத் தண்ணீரில் துளிக்கூடக் கடினத்தன்மை கிடையாது.

கடினத்தன்மை என்பது கால்சியம், மக்னீசியம் இரண்டின் கணக்கு மட்டுமே. காரத்தன்மை, நம்முடையதைப் போன்ற போர் தண்ணீரில், பெரும்பாலும் பைகார்பனேட்டின் கணக்கு. இரண்டையும் ஒப்பிட வசதியாக லேபில் ஒரே அலகில், அதாவது கால்சியம் கார்பனேட்டாக மாற்றி மில்லிகிராமில் எழுதுகிறோம். அதனால்தான் அவை ஒரே சாமானின் இரண்டு அளவுபோலத் தோன்றுகின்றன. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 280 இலை போட்டிருக்கிறது, சாப்பிட 396 பேர் வந்திருக்கிறார்கள். முதல் பந்தியில் எத்தனை பேர் உட்கார முடியும்? 280 பேர்தான். இலை என்பது கால்சியமும் மக்னீசியமும். ஆள் என்பது பைகார்பனேட். இலையில் உட்கார்ந்த ஆள்தான் கார்பனேட் கடினத்தன்மை. மிச்சமிருக்கிற 116 பேருக்கு வேறு இடத்தில் சாப்பாடு. அந்த இடம் சோடியம்.

ஆக, உங்கள் தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை 392-ம் இல்லை, 396-ம் இல்லை. 280. உங்கள் கடினத்தன்மை முழுவதுமே கார்பனேட் கடினத்தன்மை. பள்ளிக்கூடத்தில் ‘தற்காலிகக் கடினத்தன்மை’ என்று படித்திருப்பீர்களே, அதுதான். கொதிக்க வைத்தால் படிகிற வகை. நிரந்தர வகை உங்களிடம் பூஜ்ஜியம். மீதி 116, நேராகச் சொன்னால், தண்ணீரில் கரைந்திருக்கிற சோடியம் பைகார்பனேட். கடையில் ஆப்பச்சோடா என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். கணக்குப் போட்டால் உங்கள் போரில் ஒரு லிட்டருக்கு 195 மில்லிகிராம் ஆப்பச்சோடா கரைந்திருப்பதற்குச் சமம்.

இதே கணக்கு தலைகீழாகவும் வரும். கடினத்தன்மை 620, காரத்தன்மை 310 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் இலை அதிகம், ஆள் கம்மி. அங்கே கார்பனேட் கடினத்தன்மை 310. மீதி 310 குளோரைடோடும் சல்பேட்டோடும் சேர்ந்த நிரந்தர வகை. எத்தனை கொதித்தாலும் அது அசையாது. எந்தப் பக்கமாக இருந்தாலும் வழி ஒன்றுதான்: இரண்டையும் தனித்தனியாக அளந்து, எது சின்ன எண்ணோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கார்பனேட் கடினத்தன்மையை நேராக அளக்க எந்தக் கருவியும் இல்லை. அது கணக்கில் வருகிற எண். உங்கள் ரிப்போர்ட்டில் தனியாகப் போடாமல் விட்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். எழுதியிருந்தால் உங்களுக்கு ஒரு குழப்பம் குறைந்திருக்கும் என்பதும் உண்மை.

அப்புறம் ஏன் கிட்டில் ‘கே.எச்’ என்று போட்டிருக்கிறார்கள்? அது ஜெர்மன் பெயர். கார்போனாட்ஹெர்ட்டே, அதாவது கார்பனேட் கடினத்தன்மை என்பதன் சுருக்கம். நீங்கள் பெருக்கிய 17.8-ம் ஜெர்மன் பாகையைத்தான் மாற்றுகிறது. ஒரு பாகை என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. அதைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றினால் 17.8 வருகிறது. சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருகிற தண்ணீரில் பெரும்பாலும் இலைக்குப் பஞ்சமில்லை. அங்கே காரத்தன்மையை அளந்தாலே கார்பனேட் கடினத்தன்மை கிடைத்துவிடும். பெயர் பொருந்தியது, அப்படியே ஒட்டிக்கொண்டது. நம் மண் அப்படியில்லை. மதுக்கரை, சங்ககிரி மாதிரி சுண்ணாம்புக்கல் கிடைக்கிற இடங்கள் உண்டு, காட்டில் சுக்காங்கல் புரளுகிற பூமியும் உண்டு. ஆனால் போர் போடுகிற ஆழத்தில் பெரும்பாலும் கருங்கல்லும் அதன் வகையறாவும்தான். மழைநீர் அந்தக் கல்லின் இடுக்கில் வருடக்கணக்கில் கிடந்து அதை அரித்தால் சோடியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தே கரைந்து வரும். வழியில் களிமண் பட்டால், மண் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஆள் அப்படியே இருக்க, இலை குறைந்துவிடும். உங்கள் 850 அடியில் நடந்திருப்பது இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும்.

கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். அதே கிட்டில் போட்டால் சில சொட்டுகளிலேயே மஞ்சளாகிவிடும். மலைக்காட்டில் பெய்த மழை, கல்லோடு உறவாட நேரமில்லாமல் ஓடிவந்த தண்ணீர் அது. இரண்டையும் அடுத்தடுத்துச் சோதித்தால் நான் இங்கே எழுதுகிற எதையும்விட நன்றாகப் புரியும்.

இனி, கிட்டில் அளக்கிற விதம். நீங்கள் 5 மில்லி தண்ணீர் எடுத்திருப்பீர்கள். அதில் ஒரு சொட்டு ஒரு பாகை. அதாவது 21 சொட்டில் மாறாமல் 22-வது சொட்டில் மாறியது என்றால், உண்மை 374-க்கும் 392-க்கும் நடுவில் எங்கோ, சொட்டின் பருமனைப் பொறுத்து அதற்குச் சற்று முன்னே பின்னே இருக்கிறது. இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் 10 மில்லி எடுங்கள். சொட்டு இரட்டிப்பாகும், ஒவ்வொன்றும் அரைப் பாகை. பாட்டிலைச் செங்குத்தாகத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் சொட்டு சின்னதாகவும் பெரியதாகவும் விழும், எண்ணிக்கை கெட்டுப்போகும். முதல் சொட்டிலேயே நீலம் வருமே, அதையும் எண்ண வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் மூடி ஆட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். கடைசி இரண்டு சொட்டுக்கு முன்னால் ஒரு பச்சை தெரியும், மாவிலைத் தளிர் கொஞ்சம் முற்றினால் வருகிற மாதிரி ஒரு பச்சை. அங்கே நிறுத்திவிடாதீர்கள். பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சையும் மஞ்சளும் ஏமாற்றும்.

லேபில் செய்வதும் இதே வேலைதான். சொட்டுக்குப் பதில் பியூரெட். 50 மில்லி தண்ணீர், அதில் மெத்தில் ஆரஞ்சு, மேலிருந்து 0.02 நார்மல் கந்தக அமிலம். மஞ்சளாக இருப்பது ஆரஞ்சுச் சுளையின் நிறத்துக்குத் திரும்புகிற கணத்தில் குழாயைச் சட்டென்று மூட வேண்டும். ரோஜா நிறம் வந்துவிட்டால் தாண்டிவிட்டோம் என்று பொருள், கொட்டிவிட்டு மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். இந்த அளவுகளில் ஒரு மில்லி அமிலத்துக்கு 20 என்று கணக்கு. உங்கள் 396 என்றால் பியூரெட்டில் 19.8 மில்லி இறங்கியிருக்கும். அதற்கு முன்னால் பினாப்தலின் ஒரு துளி விட்டுப் பார்ப்பது வழக்கம். தண்ணீரின் பி.எச் 8.3-க்கு மேலே இருந்தால்தான் அது ரோஜா நிறமாகும், அப்போதுதான் நிஜமான கார்பனேட் இருக்கிறது என்று சொல்லலாம். உங்களுடையது 7.9. எனவே எல்லாம் பைகார்பனேட்டே. மொத்தக் கடினத்தன்மைக்கு வேறு கரைசல், ஈ.டி.டி.ஏ. அதில் தண்ணீர் முதலில் திராட்சைச் சாறு நிறத்தில் இருந்து, கடைசியில் சுத்த நீலமாகத் திரும்பும். பார்க்க அழகான சோதனை அது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அலுக்கவில்லை.

இதற்கும் மீன்தொட்டிக் கடையில் கிட் உண்டு. ‘ஜி.எச்’ என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் தண்ணீருக்கு 16 சொட்டு பிடிக்கும். கே.எச் 22, ஜி.எச் 16, இரண்டில் சின்னது 16. அதை 17.8 ஆல் பெருக்கினால் 285. லேபின் 280-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வாய்க்கால் தண்ணீர் வந்து போன பிறகு, மழைக்குப் பிறகு, கோடையில் போர் இறங்கும்போது என்று நீங்களே வருடம் நாலு தடவை பார்த்துக் குறித்து வைக்கலாம்.

ஒரு வேளை வேறு லேபில் கொடுத்து, அங்கே ‘பைகார்பனேட் 483’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். அதே 396-தான், பைகார்பனேட்டின் எடையாகவே எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை 0.82 ஆல் பெருக்கினால் பழைய எண் வந்துவிடும்.

மாதிரி எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல்தொட்டியில் இரண்டு நாள் நின்ற தண்ணீரை எடுக்கக்கூடாது. மோட்டாரைப் போட்டு பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலைக் கழுத்து வரைக்கும் காற்றில்லாமல் நிரப்பி, அன்றைக்கே அளக்க வேண்டும். போர் தண்ணீர் வெளியே வந்ததும் அதிலிருக்கிற கரியமிலவாயு பறக்க ஆரம்பிக்கும், பி.எச் ஏறும். வாயு போவதால் மட்டும் காரத்தன்மை எண் குறையாது. பலர் இங்கே தடுமாறுவார்கள். ஆனால் பி.எச் ஏறினால் சுண்ணாம்பு பாட்டிலின் அடியில் படியும். படிந்த பிறகு மேலே இருக்கிற தெளிவை அளந்தால் கடினத்தன்மை, காரத்தன்மை இரண்டுமே குறைவாகக் காட்டும். ஒருவர் வெள்ளைக் கேனில் தண்ணீர் எடுத்து, காரின் பின்சீட்டில் மூன்று நாள் வெயிலில் வைத்திருந்து என்னிடம் கொண்டுவந்தார். கேனின் உள்பக்கம் மாவு பூசின மாதிரி இருந்தது. அவருடைய தோட்டத்துத் தண்ணீரின் பாதிக் கடினத்தன்மை அந்தக் கேனிலேயே தங்கிவிட்டது.

உங்கள் டிரிப்பரில் நடப்பதும் அந்தக் கேனில் நடந்ததுதான். டிரிப்பர் பொருத்தியிருக்கிற கறுப்புக் குழாய், அதாவது லேட்டரல், வெயிலில் காய்கிறது, மோட்டார் நின்ற பிறகு உள்ளே தங்கிய தண்ணீர் சூடாகி, வாயு பறந்து, டிரிப்பர் வாயில் கடைசிச் சொட்டு காய்ந்து வெள்ளையாகிறது. கெட்டிலில் இதே சங்கதி வேகமாக நடக்கிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பாருங்கள். ஒரு லிட்டர் போர் தண்ணீரை அளந்து எவர்சில்வர் பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஆறவிட்டு, ஆவியாகிக் குறைந்த அளவுக்குப் பேட்டரி தண்ணீர் ஊற்றி மறுபடியும் ஒரு லிட்டர் ஆக்குங்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், சோதனையே பாழ். ராத்திரி முழுக்க அப்படியே வைத்து, காலையில் மேலாகத் தெளிவை எடுத்து இரண்டு கிட்டிலும் போடுங்கள். கே.எச், ஜி.எச் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருக்கும். படிந்தது இலையும் ஆளும் ஜோடியாகத்தானே. ஜி.எச் பூஜ்ஜியத்துக்கு இறங்காது, காரணம் மக்னீசியம் கொதித்தாலும் முழுசாகப் படியாத முரடு. உங்களிடம் மக்னீசியம் கால்சியத்தைவிடக் கூடுதல்: கடினத்தன்மைக் கணக்கில் கால்சியம் 120, மக்னீசியம் 160. கே.எச் எத்தனை கொதித்தாலும் ஓரளவுக்கு மேல் இறங்காது. அந்த மிச்சத்தில் சோடியத்தோடு இருக்கிற 116 பேர் அடக்கம். ஆப்பச்சோடா சூட்டில் சலவைச்சோடாவாக மாறுமே தவிர, அடியில் படியாது.

குடிநீராக இதை எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு வரி. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500-இல் கடினத்தன்மைக்கும் காரத்தன்மைக்கும் 200 வரை ஏற்கத்தக்கது, வேறு நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. இரண்டிலும் உங்கள் தண்ணீர் நடுவில் நிற்கிறது.

தோட்டத்துக்கு வருவோம். எனக்கு அடைக்கிற டிரிப்பரைவிட அந்த 116-தான் கவலை. டிரிப்பர் அடைத்தால் மாற்றிவிடலாம். விவசாயத்தில் இதற்கு ‘எஞ்சிய சோடியம் கார்பனேட்’ என்று பெயர், ரிப்போர்ட்டில் ஆர்.எஸ்.சி என்று எழுதுவார்கள். உங்கள் எண்களை 50 ஆல் வகுத்தால் மில்லி ஈக்விவலன்ட் கிடைக்கும்: காரத்தன்மை 7.92, கடினத்தன்மை 5.6. கழித்தால் 2.32. இந்த எண் 1.25-க்குள் இருந்தால் பயமில்லை. 2.5-ஐத் தாண்டினால் பாசனத்துக்கு ஆகாது என்பது வழக்கமான வரையறை. நீங்கள் வரப்பின் மேல் நிற்கிறீர்கள். இந்தத் தண்ணீர் மண்ணில் காயும்போது கால்சியமும் மக்னீசியமும் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், சோடியம் மட்டும் மண்ணில் தங்கும். வருடங்கள் போகப் போக மண் களராகும். மழை பெய்தால் மேலே பிசுபிசுவென்று தண்ணீர் நிற்கும், காய்ந்தால் ஓடு போல வெடிக்கும். தென்னை ரொம்ப நாள் தாங்கும், முருங்கையின் முகம் முதலில் சுருங்கும்.

மருந்து ஜிப்சம். கணக்குக் கேட்பீர்கள்: ஆர்.எஸ்.சியில் ஒரு எண் குறைக்க ஒரு லட்சம் லிட்டர் தண்ணீருக்கு 8.6 கிலோ சுத்தமான ஜிப்சம். கடையில் வாங்குவதில் மண்ணும் கலந்திருக்கும், கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டாம். வாய்க்கால் பாசனக்காரர்கள் மூட்டையைத் தண்ணீர் விழுகிற இடத்தில் வைப்பார்கள், அது அவர்களுக்குச் சரி. உங்களிடம் சொட்டுநீர். தொட்டியிலேயே கால்சியத்தைக் கூட்டினால் டிரிப்பர் இன்னும் சீக்கிரம் அடைக்கும். மண்ணில் தூவி, கொத்திவிடுங்கள். எவ்வளவு என்பது மண்ணைப் பார்க்காமல் சொல்லக்கூடாது. மண்ணின் பி.எச்சும் ஜிப்சத் தேவையும் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துத் தருவார்கள். டிரிப்பருக்கு நேர் கீழே ஒரு மாதிரி, இரண்டு மரத்துக்கு நடுவில் தண்ணீர் படாத இடத்தில் ஒரு மாதிரி என்று தனித்தனியாக எடுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் போர் இத்தனை வருடத்தில் மண்ணுக்குச் செய்தது.

சாஃப்ட்னர் விஷயத்தில் தோட்டத்துக்கு நிச்சயமாக வேண்டாம். அந்த மெஷின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அதே கணக்குக்குச் சோடியத்தை விடுகிறது. 280 இலையையும் எடுத்துவிட்டால் 396 பேரும் சோடியத்தின் வீட்டில் போய் உட்கார்வார்கள். ஆர்.எஸ்.சி 2.32-இலிருந்து 7.92-க்குத் தாவும். காசு கொடுத்துக் களர் வாங்கின கதையாகிவிடும். டி.டி.எஸ்ஸும் குறையாது. மெஷினுக்குப் பின்னால் வருகிற தண்ணீரை உங்கள் கே.எச் கிட்டில் போட்டால் அப்போதும் அதே 22 சொட்டு காட்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் வேலை திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில். தினமும் காலையில் சாஃப்ட்னர் தண்ணீரைச் சோதித்து, ‘கடினத்தன்மை 0, சரி’ என்று பலகையில் எழுதுவது என் பொறுப்பு. ஒரு வாரம் தொடர்ந்து துணி திட்டுத் திட்டாக வந்தது. சாயத்தை மாற்றினார்கள், உப்பை மாற்றினார்கள், சாயமேற்றுகிற வின்ச் மெஷினை ஓட்டுகிறவரைத் திட்டினார்கள். நான் பலகையைக் காட்டி, தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது என்று நின்றேன். கோடையில் லாரித் தண்ணீர் எடுக்கிற போரை மாற்றியிருந்தார்கள், புதுப் போரில் பைகார்பனேட் ஏகப்பட்டது. சாஃப்ட்னர் தாண்டியும் அது அப்படியே வந்து, சூடு ஏறும்போது சலவைச்சோடாவாக மாறியது. ரியாக்டிவ் சாயத்தைத் துணியில் பிடிக்கவைப்பதே சலவைச்சோடாதான். சாயம் துணி முழுக்கப் பரவிய பிறகு சேர்க்க வேண்டியது, முன்கூட்டியே தண்ணீரிலேயே இருந்தால் பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். காரத்தன்மையை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயதான சாய மாஸ்டர் ஒருவர் அந்தத் தண்ணீரில் சோறு வடித்துவிட்டு, மஞ்சளாக இருக்கிறது பார் என்று தட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். காரத் தண்ணீரில் வெந்த சோறு மஞ்சள் பாயும். அவருக்கு அது பியூரெட் இல்லாமலே தெரிந்திருந்தது.

வீட்டுக்கு என்றால், குளியலறைக் குழாய்க்கும் வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் மட்டும் சின்னதாக ஒன்று போட்டுக்கொள்வதில் தப்பில்லை. ஓடு பிடிப்பது நிற்கும், சோப்பும் நுரைக்கும். தலைக்கு அரப்புத் தேய்க்கிற வீடாக இருந்தால் அந்த வித்தியாசம்கூடத் தெரியாது, அரப்பு உப்புத் தண்ணீரோடு சோப்பைப் போலத் திரிந்துபோகாது. சமையலுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். பருப்பு வெண்ணெயாக வேகும், சோறு மஞ்சளாகும். மெஷினை உப்புப் போட்டுக் கழுவுகிற தண்ணீரைத் தென்னை மரத்தடியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடைத்த டிரிப்பருக்கு ஆசிட் விடுவது உங்கள் ஊரில் புதுசில்லை. ஆனால் எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கு ஓர் அளவு சொல்வார்கள். உங்கள் கே.எச் எண்ணே அந்த அளவைச் சொல்லும். காரத்தன்மை 396 முழுவதையும் தீர்க்க, 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1000 லிட்டருக்கு ஏறக்குறைய 800 மில்லி வேண்டும். கக்கூஸ் கழுவ விற்கிற ஆசிட்டில் எத்தனை சதவீதம் என்பது விற்கிறவருக்கே தெரியாது, அதை எடுக்காதீர்கள். முதலில் பிளாஸ்டிக் பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீர் வைத்து 8 மில்லி ஊற்றிக் கலக்கி, அதைக் கே.எச் கிட்டில் போடுங்கள். முதல் சொட்டிலேயே மஞ்சள் என்றால் அளவு சரி. நீலம் வந்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும். வெண்டூரி (உரத்தை உறிஞ்சிக் குழாய்த் தண்ணீரோடு கலக்கிற கருவி) வழியாக விட்டு, கடைசி டிரிப்பரில் சொட்டுகிற தண்ணீர் பி.எச் தாளில் 4 பக்கம் காட்டுகிற வரைக்கும் ஓட்டி, நிறுத்தி, மறுநாள் லேட்டரல் முனைகளைத் திறந்து கழுவிவிடுங்கள். இரும்பு ஃபில்டருக்கும் பம்புக்கும் முன்னால் விட்டால் அவற்றை அரிக்கும், பிளாஸ்டிக் குழாய் தொடங்குகிற இடத்துக்கு அப்புறம் விடுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம். பாசிக்காகப் பிளீச்சிங் பவுடர் விடுகிற வழக்கம் இருந்தால் அதையும் இதையும் ஒரே நாளில், ஒரே குழாயில் விடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஆளைக் கொன்றுவிடும்.

அடைப்புத் தீர்ந்த பிறகு தினசரிக்கு ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். வெயில் நேரத்தில் மோட்டாரை நிறுத்துவதற்குப் பதிலாக, கரண்ட் இருந்தால் சாயங்காலமோ விடியற்காலையோ விட்டு முடியுங்கள். கடைசிச் சொட்டு காய்வதற்குள் குழாய் குளிர்ந்திருக்கும்.

கிட்டைத் தந்த தம்பியின் மீன்தொட்டிக்கு ஒரு வார்த்தை. கே.எச் 22, ஜி.எச் 16 என்பது கப்பிக்கும் மோலிக்கும் ஒத்துப்போகிற தண்ணீர். நியான் டெட்ரா மாதிரி மெல்லிய தண்ணீர் மீன் வாங்கிவந்து கண்ணீர் விட வேண்டாம். அவன் போன முறை வாங்கின மீன் எது, எத்தனை நாள் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.